பட்டினி கிடந்தவனுக்கு முதல் நாளே விருந்து வைக்காதீங்க

பல நாள் சாப்பிடாம கிடந்த ஒருத்தர் வார்டுக்கு வர்றாரு. உடனே வயிறு நிறையக் கொடுக்கணும்னுதான் கூட வந்தவங்களுக்குத் தோணும்.

அங்கதான் ஆபத்து இருக்கு. மாவுச்சத்து திடீர்னு உள்ள போனா இன்சுலின் ஏறும். ரத்தத்துல இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள்ள இழுக்கப்படும். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். இதை ரீஃபீடிங் சிண்ட்ரோம்னு சொல்லுவோம். அதனால முதல்ல தயமின் கொடுத்து, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து, உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுவோம்.

இதை ஏன் சொல்றேன்னா, இன்னைக்கு நான் எழுத வந்தது கால்பந்து பத்தி.

இங்கிலாந்துல ஒவ்வொரு சீசனும் 3 கிளப் பிரீமியர் லீகுக்கு மேல ஏறும், 3 கிளப் கீழ இறங்கும். ஏறின உடனே டிவி ஒப்பந்தப் பணம் கொட்டும். அடுத்த வருஷமே இறங்கினா அந்த வருமானம் சரிஞ்சிடும். ஆனா வீரர்களோட சம்பள ஒப்பந்தம் 3, 4 வருஷத்துக்குப் போட்டதா இருக்கும். வருமானம் 1 வருஷத்துக்கு, கடமை 4 வருஷத்துக்கு. சிக்கலே இதுதான்.

மூணு கிளப்போட கதையைப் பாருங்க.

பிராட்ஃபோர்ட் சிட்டி. 1922க்கு அப்புறம் 1999லதான் முதல் டிவிஷனுக்குத் திரும்பினாங்க. முதல் சீசன்ல கடைசி நாள் லிவர்பூலை 1-0ன்னு ஜெயிச்சுத் தப்பிச்சாங்க. அந்த சந்தோஷத்துல 2000 கோடையில பணத்தை வாரி இறைச்சாங்க. இத்தாலி வீரர் பெனிட்டோ கார்போனேவுக்கு வாரம் 40,000 பவுண்டு. 2001ல இறங்கினாங்க, 2002ல திவால் நடவடிக்கை. 2007ல நாலாவது டிவிஷன்ல கிடந்தாங்க. அப்போதைய தலைவர் ஜெஃப்ரி ரிச்மண்டே பின்னாடி அதை ஆறு வாரப் பைத்தியக்காரத்தனம்னு ஒத்துக்கிட்டார்.

பிளாக்பூல். 2010ல ஏறினாங்க. இவங்க நேர் எதிர். சம்பள உச்சவரம்பு வாரம் சுமார் 10,000 பவுண்டுன்னு அப்போ பேசப்பட்டுச்சு. அந்த டீம் லிவர்பூலை ரெண்டு ஆட்டத்துலயும் ஜெயிச்சது! 39 புள்ளி எடுத்தும் கடைசி நாள்ல இறங்கிட்டாங்க. சரி, மிச்சம் பிடிச்ச பணம் இருக்கும்ல, திரும்ப ஏறிடலாம்னு நினைப்பீங்க. இல்ல. உரிமையாளர் குடும்பம் கிளப் பணத்தை முறையில்லாம வெளிய எடுத்ததா 2017ல லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. அதுக்கு முந்தின வருஷமே கிளப் நாலாவது டிவிஷனுக்குப் போயாச்சு.

பர்ன்லி. 2014ல ஏறினப்போ பெரிசா செலவு பண்ணல. 2015ல இறங்கினாங்க. ஆனா பயிற்சியாளர் ஷான் டைச்சை மாத்தல. 2016ல சாம்பியனா திரும்ப ஏறினாங்க. 2017ல புது பயிற்சி மையம் திறந்தாங்க. 2017-18ல 7வது இடம் பிடிச்சு, ஐரோப்பியப் போட்டிக்கே போனாங்க. 2022 வரைக்கும் மேலதான் இருந்தாங்க.

முதல் கிளப் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுச்சு. ரெண்டாவது கிளப்போட தட்டுல இருந்ததை வேற யாரோ எடுத்துட்டாங்க. மூணாவது கிளப் தாங்குற அளவுக்குச் சாப்பிட்டு உடம்பைத் தேத்துச்சு. உச்சவரம்பு வச்சா மட்டும் போதாதுங்க, மிச்சமான பணம் எங்க போகுதுன்னும் பார்க்கணும்.

இதெல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுறேனே, நானும் ஒரு பிராட்ஃபோர்ட்தான். எம்.பி.பி.எஸ் முடிச்சு, அரசுப் பணி கிடைக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு தனியார் ஆஸ்பத்திரியில மாத்தி மாத்தி நைட் டூட்டி பார்த்தேன். கையில காசு புரண்டுச்சு. இது இப்படியேதான் வரும்னு நம்பி 5 வருஷ லோன்ல கார் வாங்கினேன். ஏழே மாசத்துல ஒரு இடத்துல வேலை போச்சு. வருமானம் பாதியாச்சு, இ.எம்.ஐ அப்படியே நின்னுச்சு. நாலு மாசத் தவணையை அப்பா தன்னோட பி.எஃப் பணத்துல இருந்து கட்டினார். ஏன்டா இப்படிப் பண்ணேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது.

நிறைய கிளப்கள் இப்போ ஒப்பந்தத்துலயே, டீம் இறங்கினா சம்பளமும் குறையும்னு ஒரு ஷரத்து சேர்த்துடுறாங்க. நம்ம பேங்க் லோன்ல அப்படி ஒரு ஷரத்து கிடையாது. சம்பளம் குறைஞ்சிடுச்சு சார்னு சொன்னா தவணை குறையாது.

அதனால சம்பளம் ஏறின மாசம், புது லோன் பேப்பர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. நாளைக்கே பழைய சம்பளத்துக்கு இறங்கிட்டா, இந்தத் தவணையை நானே கட்டிடுவேனா, இல்ல அப்பாதான் கட்டணுமா?