சேலையூரில் டு-லெட் வேட்டை!

கிழக்கு தாம்பரத்தில் இறங்கி, வேளச்சேரி ரோட்டில் கேம்ப் ரோடு வரை நடங்க. அதுதான் சேலையூர். சந்துக்குச் சந்து டு-லெட் போர்டு தொங்கும். ஆசையா பெல் அடிச்சா, ‘பேச்சுலரா? ஃபேமிலிக்கு மட்டும்தாம்ப்பா!’

நாங்க நாலு பேர். ரெண்டு ஞாயிறு அலைஞ்சு, ஒன்பதாவது வீட்டில்தான் ஆன்ட்டி ‘உள்ளே வாங்க’ன்னாங்க. வாடகை ஓகே. அட்வான்ஸ்? பத்து மாசம்! நாலு அப்பாக்களுக்கும் போன் பறந்தது.

2019-ல் அமலுக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி மூணு மாச அட்வான்ஸ்தான். ஆனா, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒப்பந்தம் போட்டா அது செல்லும்னு ஒரு கொக்கியும் இருக்கு. சட்டத்தைச் சொல்லி, கொஞ்சம் கெஞ்சி, அஞ்சுக்கு இறக்கினோம்.

ஸோ பாஸ்... அக்ரிமென்ட்டை முழுசா படிங்க. அப்புறமா கையெழுத்து!