சிறிய பெட்டி, பெரிய விலை

இசைத்தட்டுகளின் காலம் முடிந்துவிட்டது என்று நாம் எண்ணியிருந்த வேளையில் அவை மீண்டும் கடைத்தெருவுக்கு வந்திருக்கின்றன. 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனையான இசைத்தட்டுகளின் எண்ணிக்கை, இறுவட்டுகளின் எண்ணிக்கையை விஞ்சியது. 1987ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதற்தடவை. தட்டுகளுடன் சேர்ந்து அவற்றை இசைப்பதற்கான கருவிகளின் வியாபாரமும் தழைத்திருக்கிறது. அக்கருவிகளுள் வாங்குபவரை மிகவும் குழப்புவது ‘போனோ பிறீஅம்ப்’ எனப்படும் முன்பெருக்கியாகும். அது 30 டொலருக்கும் கிடைக்கிறது. 3,000 டொலருக்கும் கிடைக்கிறது. செய்யும் வேலை ஒன்றே என்றால், விலை மாத்திரம் ஏன் நூறு மடங்கு?

பத்திரிகைத் துறையில் நீண்ட காலம் பணியாற்றியவன் என்ற வகையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் கிடைக்கும் அறிக்கையிலிருந்து பெயரடைகளை எல்லாம் நீக்கிவிட்டு, எஞ்சுவது என்னவென்று பார்ப்பேன். அரசியல்வாதிகளின் அறிக்கைகளுக்குப் பயன்பட்ட இந்த முறை ஒலிக்கருவி விமர்சனங்களுக்கும் நன்றாகவே பொருந்துகிறது. ‘பட்டுப்போன்ற’, ‘உயிர்ப்பான’, ‘காற்றோட்டமான’ என்ற சொற்களை அகற்றினால் பல விமர்சனங்களில் ஒரு பந்திகூடத் தேறுவதில்லை.

ஆகவே வர்ணனைகளை விடுத்து வேலையைப் பார்ப்போம். ஊசியைத் தாங்கியிருக்கும் காட்றிட்ஜிலிருந்து வரும் மின்சைகை மிகவும் பலவீனமானது. நகரும் காந்த வகையில் அது ஏறக்குறைய 4 மில்லிவோல்ட். அதை நூறு மடங்காக்குவது முன்பெருக்கியின் முதலாவது கடமை. நகரும் சுருள் வகையில் சைகை இன்னும் பத்து மடங்கு சிறியது என்பதால், அதனை ஆயிரம் மடங்காக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கடமை சமநிலைப்படுத்தல். தட்டை வெட்டும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். தாழ்ந்த சுரங்களை உள்ளவாறே வெட்டினால் பள்ளங்கள் அகன்று, தட்டின் ஒரு பக்கத்தில் சில பாடல்களே அடங்கும். உயர்ந்த சுரங்களைக் கூட்டி வெட்டிப் பின்னர் குறைக்கும்போது தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறைகிறது. இதற்கான பொது அளவுகோலை அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில்துறைச் சங்கம் 1954ஆம் ஆண்டில் வகுத்தது. அதன்படி முன்பெருக்கியானது நடுச் சுரங்களுடன் ஒப்பிடுகையில் 20 ஹேர்ட்ஸ் ஒலியை ஒன்பது மடங்கு உயர்த்தி, 20,000 ஹேர்ட்ஸ் ஒலியைப் பத்திலொன்றாகக் குறைக்க வேண்டும். துல்லியமான சில தடைகளும் கொள்ளளவிகளும் ஓரிரு சில்லுகளும் இருந்தால் இதனைச் செம்மையாகச் செய்துவிடலாம். அவற்றின் விலை சில டொலர்களே.

எனினும் மலிவான பெட்டிகள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. நமது வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மேற்சொன்ன அளவுகோலோ அந்த இடத்தில் ஒலியை ஏறக்குறைய ஏழு மடங்கு உயர்த்துகிறது. மின்வழங்கியும் உறையும் தரமற்றவையாயின் அந்த ரீங்காரமும் அதே அளவு பெருகி ஒலிபெருக்கிக்குச் சென்றுவிடும். 30 டொலரிலிருந்து 150 டொலருக்குப் போகும்போது வாங்குபவருக்கு உண்மையாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்த அமைதிதான். அதற்கு மேல் கொடுக்கும் பணம் நகரும் சுருள் வகைக்கான வசதி, காட்றிட்ஜுக்கு ஏற்பச் சுமையை மாற்றும் வசதி என்பவற்றுக்குச் செல்கிறது. அதையும் தாண்டினால் பெட்டியின் அழகுக்கும் பெயருக்குமே பெரும்பங்கு சென்றுவிடுகிறது என்பது எனது அபிப்பிராயம்.

அபிப்பிராயம் மாத்திரம் போதாது என்பதால், வெவ்வேறு விலையிலான மூன்று கருவிகளை இரவல் வாங்கி ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். சற்றே உரத்துக் கேட்பது நம் செவிக்கு எப்போதும் சிறந்ததாகவே தோன்றும். எனவே சோதனைத் தட்டொன்றை ஓடவிட்டு, மூன்றின் ஒலியளவையும் மின்மானியால் சமப்படுத்திக்கொண்டேன். வயர்களை வேறொருவர் மாற்ற, நான் முதுகைக் காட்டி அமர்ந்திருந்தேன். மிக மலிவானதை ஒவ்வொரு முறையும் அடையாளம் கண்டேன். பாட்டில் அல்ல, இரு பாடல்களுக்கு இடையே கேட்ட ரீங்காரத்தில். மற்ற இரண்டையும் என்னால் உறுதியாகப் பிரித்தறிய முடியவில்லை. ஒன்றின் விலை மற்றதைப்போல் ஆறு மடங்கு.

வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பர் ஒருவர் இதே விடயமாக என்னிடம் ஆலோசனை கேட்டார். அவரிடம் இருப்பவை நாற்பது இசைத்தட்டுகள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, அவருடைய தந்தையார் துணிமணிகளுக்கிடையே வைத்துக் கொண்டுவந்தவை. “மகன் 600 டொலர் அனுப்புறன் எண்டு சொல்லுறான். நல்ல பெட்டியாய் ஒண்டு வாங்குவமோ?” என்றார். ஊசியை எப்போது மாற்றினீர்கள் என்று வினவினேன். “ஊசியோ? வாங்கின நாளிலை இருந்து அதுதானே கிடக்குது” என்று பதில் வந்தது.

வைர ஊசியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1,000 மணித்தியாலம். தேய்ந்த ஊசி, பள்ளத்தின் சுவரைச் செதுக்கத் தொடங்கிவிடும். அவ்வாறு அழிந்த ஒலியை எந்த விலையுயர்ந்த முன்பெருக்கியாலும் மீட்க இயலாது. அந்த நாற்பது தட்டுகளையும் மீண்டும் வாங்குவதற்குக் கடையும் இல்லை. அவரை முதலில் ஊசி வாங்கச் சொன்னேன். பழைய அம்பிளிபயர்கள் பலவற்றின் உள்ளேயே நல்ல முன்பெருக்கி உண்டு. 1978இல் வெளிவந்த நாட் 3020 அதற்குப் பெயர்பெற்ற உதாரணம். நண்பருடைய கருவியில் அந்த வசதி இல்லாததால், நடுத்தர விலையில் ஒன்றை வாங்கினார். இரண்டுக்குமாக 600 டொலரில் பாதிகூடச் செலவாகவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டியதைக் கண்ட நமக்கு இது சிறிய சேமிப்பு அல்ல.

விதிவிலக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 78 சுழற்சி அரக்குத் தட்டுகளை வைத்திருப்போருக்கு இந்தக் கணக்கு வேறு. 1954க்கு முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தத்தமது அளவுகோலின்படியே தட்டுகளை வெட்டியது. அத்தகையோருக்குச் சமநிலையை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள முன்பெருக்கி கூடுதல் விலைக்குத் தகுதியானதே. அதனுடன் அகன்ற பள்ளத்துக்குரிய தனி ஊசியும் அவசியம்.

கடைக்குச் செல்லும் அன்பர்கள் ஒன்றைச் செய்து பாருங்கள். ஊசியைத் தட்டிலிருந்து உயர்த்தி, வழக்கமாகக் கேட்கும் அளவில் ஒலியை வைத்து, ஒலிபெருக்கிக்கு அருகே காதைக் கொடுங்கள். அமர்ந்து கேட்கும் இடத்தில் ரீங்காரம் எட்டவில்லையென்றால் அந்தப் பெட்டி போதுமானது. மிஞ்சும் பணத்தை அடுத்த ஊசிக்கென எடுத்து வையுங்கள்.