ஓசை திரும்பும் வழி

நெடுவழிப் பயணத்துக்கு ஓசையும் ஒரு துணை என்பது வன்னி நிலத்தில் வாழும் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதன்று. வவுனியாவைக் கடந்து ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என ஏ-9 வீதி நீண்டு செல்லுகையில், இருமருங்கும் காடும் வயலும் மாறி மாறி வரும். முறிகண்டிப் பிள்ளையார் முன்றிலில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினால் மீண்டும் அதே வீதி, அதே வெயில். அவ்வேளையில் சாரதியின் கண் அயராது காப்பது வாகனத்தின் பாட்டுப் பெட்டியே. அந்தப் பெட்டி திடீரென ஊமையாகிவிட்டால் அதனைக் கழற்றி எறிந்து வேறொன்று வாங்கத் துணிவார் பலர். ஆயின் குற்றம் பெரும்பாலும் பெட்டியினுடையதன்று. பெட்டிக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையே கிடக்கும் இரண்டு முழக் கம்பியினுடையதே. நம்மூர்க் கராஜ்களில் ‘ஓக்ஸ் வயர்’ என வழங்கும் அக்கம்பியைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றோம்.

வானொலி இருக்கக் கம்பி எதற்கு என்று கேட்போரும் உண்டு. நம் வீதிகளில் ஓடும் வான்களிலும் கார்களிலும் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிய பின் இங்கு வந்தவை. அங்கும் இங்கும் வாகனங்கள் வீதியின் இடப்புறமே செல்வதால், அவை மாற்றமின்றி நமக்குப் பொருந்துகின்றன. பொருந்தாதது வானொலி ஒன்றே. ஜப்பானில் எஃப்.எம். ஒலிபரப்பு நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள எல்லைக்குள் நிகழ்ந்தது. இலங்கையிலோ அது 88 முதல் 108 வரை செல்கின்றது. ஆகவே அங்கிருந்து வந்த பெட்டி, நம் நிலையங்களுள் அடிவரம்பிலுள்ள ஓரிரண்டையன்றி ஏனையவற்றை அறியாது. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 வரை அத்தடை நீடித்தமையால், பழைய வாகனங்களும் அவற்றின் பழைய பெட்டிகளும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. கம்பியில்லாத் தொடர்பு முறைகளை அறியாத அப்பெட்டிகளுக்கு ஓக்ஸ் வயரே செவி.

அச்செவி அடைபட்ட ஒரு நாளில் நாம் கண்டறிந்தவற்றை இங்கு உரைப்பது பொருத்தமாகும்.

கனடாவில் வாழும் எம் தமையனார் சென்ற ஆண்டில் எமது கைத்தொலைபேசிக்கு ஓர் ஒலிப்பதிவை அனுப்பிவைத்தார். 1994 ஆம் ஆண்டில் வட்டக்கச்சியில் எம் அன்னையார் அவருக்கெனப் பேசிப் பதிந்து, கை மாறிக் கை மாறிக் கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து கடல் கடந்த கசற் ஒன்றின் பிரதி அது. அக்காலத்தில் கடிதம் எழுதக் கை வராத முதியோர் இவ்வாறு பேசி அனுப்புவதுண்டு. 2009 ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் எம் வீட்டுப் புகைப்படங்களும் ஏடுகளும் யாவும் போயின. அன்னையாரும் இன்றில்லை. அவருடையதென எஞ்சியது இந்தக் குரல் ஒன்றே.

அதனைக் கேட்க எம்மினும் அவாவியவர் அன்னையாரின் தங்கையாராகிய சின்னம்மா. எண்பதைக் கடந்த அவருக்குச் செவிப்புலன் மங்கிவிட்டது; தொலைபேசியின் சிறிய ஒலிவாயிலிருந்து வரும் குரல் அவருக்கு எட்டவில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு வானில் செல்லும்போது, பெரிய ஒலிபெருக்கிகளில் கேட்பிக்கலாம் எனத் தீர்மானித்தோம். தருமபுரத்தைக் கடந்ததும் மருமகன் வயரைச் செருகிப் பதிவை ஓடவிட்டார். ஓசையில்லை. சின்னம்மா ஒலிபெருக்கியின் பக்கம் செவியைச் சாய்த்தபடியே இருந்தார். “தங்கச்சி என்று சொல்லித்தான் தொடங்குவா, எனக்குத் தெரியும்” என்றார்.

பழுது தேடுவதற்கு ஒரு நெறி உண்டு. அது நம் உழவர் அறியாததன்று. இரணைமடுக் குளத்து நீர் கடைமடை வயலுக்கு வந்து சேரவில்லையெனில், அநுபவமுள்ள உழவர் குளக்கட்டிலிருந்து அடியடியாக வாய்க்காலைப் பார்த்து வருவதில்லை. நேரே நடுவிலுள்ள மதகடிக்குச் செல்வார். அங்கே நீர் ஓடினால் அடைப்புக் கீழே, ஓடாவிட்டால் மேலே. ஒரே பார்வையில் பாதி வாய்க்கால் கழிந்துவிடும். ஓசையும் அவ்வாறே தொலைபேசியில் புறப்பட்டு, செருகி, வயர், செருகுதுளை, பெட்டியின் தெரிவுப் பொத்தான், ஓசையைப் பெருக்கும் பகுதி, ஒலிபெருக்கி என்னும் ஒழுங்கில் ஓடி வருகின்றது.

மருமகன் பெட்டியை வானொலிக்கு மாற்றினார். 90 க்குக் கீழே ஒரு நிலையம் கணீரென ஒலித்தது. ஆகவே பெருக்கும் பகுதியும் ஒலிபெருக்கிகளும் நலம். வயரைப் பிடுங்கியதும் பதிவு தொலைபேசியில் தானே பேசிற்று. ஆகவே பதிவும் நலம். பெட்டி ‘ஓக்ஸ்’ என்னும் நிலையிலேயே இருந்தது. இரண்டின் ஓசையளவும் உயர்த்தியே இருந்தன. மீண்டும் வயரைச் செருகி ஒரு திரைப்பாடலை ஓடவிட்டார். வியப்பு அங்கேதான் தோன்றிற்று. வயலினும் புல்லாங்குழலும் மெலிந்து கேட்டன. பாடுவோர் குரல் மட்டும் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் ஏறத்தாழ மறைந்திருந்தது. பாடல் பாதியாக வருகின்றது. அன்னையாரின் குரலோ முற்றும் வரவில்லை!

புதுக்குடியிருப்பில் வாகன மின்வேலை செய்யும் ஓர் இளைஞரின் கராஜில் வானை நிறுத்தினோம். இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. நாம் சொல்லி முடிக்குமுன்பே, “பாட்டுக்காரற்ரை குரல் மட்டும் காணேல்லையோ ஐயா? அப்ப பெட்டியைக் கழட்டத் தேவையில்லை” என்று கூறி, வானின் சார்ஜரை எடுத்துத் தொலைபேசியிற் செருகினார். அக்கணமே பாடலின் குரல் முழுமையாக எழுந்தது. கூடவே இயந்திரத்தின் வேகத்தோடு ஏறியிறங்கும் ஒரு மெல்லிய இரைச்சலும் எழுந்தது. சார்ஜரைப் பிடுங்கினார், குரல் மறைந்தது. “பொது வயர் அறுந்துபோச்சு” என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. அச்செருகியை உற்றுப் பார்த்தால், கறுப்பு வளையங்கள் அதனைப் பல துண்டுகளாகப் பிரித்திருப்பது தெரியும். மூன்று துண்டுள்ள செருகியில் நுனி இடப்பக்க ஓசைக்கும், நடு வளையம் வலப்பக்க ஓசைக்கும், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழிக்கும் உரியன. மின்னோட்டத்துக்குச் செல்லும் வழி மட்டும் போதாது; திரும்பும் வழியும் வேண்டும். அத்திரும்பும் வழி அறுந்தால், இடப்பக்கத்து மின்னோட்டம் வலப்பக்கத்துக் கம்பி வழியாகவும், வலப்பக்கத்தது இடப்பக்கத்துக் கம்பி வழியாகவும் திரும்ப முயலும். ஒரு கதவின் இருபுறமும் நின்று இருவர் சம வலுவுடன் தள்ளினால் கதவு அசையாததுபோல, இரு பக்கத்தும் சமமாயுள்ள ஓசை யாவும் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டுமே எஞ்சும்.

பாடல்களைப் பதிவோர் வாத்தியங்களை இடமும் வலமுமாகப் பரப்பி, பாடுவோரின் குரலை நடுவில் நிறுத்துவர். அதாவது இரு பக்கத்துக்கும் சமமாக வைப்பர். அதனாலேயே வாத்தியம் எஞ்சிக் குரல் மறைந்தது. அன்னையாரின் பதிவோ ஒரே ஒலிவாங்கியிற் பதியப்பட்டது. அதில் இடமும் வலமும் முற்றிலும் ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது பூச்சியமன்றோ? சார்ஜரின் கம்பி அறுந்த வழிக்கு மாற்றாக, வாகனத்தின் இரும்புடலூடாக மின்னோட்டம் திரும்ப இடந்தந்தமையால், செருகியவுடன் குரல் மீண்டது.

இளைஞர் பல்மானியை எடுத்து வயரின் இரு முனைகளிலும் தொட்டார். நுனிக்கு நுனி கீச்சொலி எழுந்தது. வளையத்துக்கு வளையம் எழுந்தது. அடிக்கு அடி எழவில்லை. செருகியின் கழுத்தடியில், வயர் நாளும் வளைந்து வளைந்து நைந்த இடத்திலே, உறை நலமாக இருக்க உள்ளே செம்புப் பின்னல் அறுந்திருந்தது. அதனை வெட்டி எறிந்து, புதிய செருகியொன்றைப் பற்றாசு பிடித்துப் பொருத்தினார். பதிவை ஓடவிட்டோம்.

அன்னையாரின் குரல் வான் முழுதும் நிறைந்தது. சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டார். இளைஞர் மட்டும் முகத்தைச் சுளித்தார். குரல் சீராக இல்லை. சற்றே உயர்ந்து, சற்றே தாழ்ந்து அலைந்தது. பின்னணியிற் கரகரவென ஓர் ஓசை விடாது கேட்டது. “இன்னும் ஏதோ பிழை இருக்கு ஐயா” என்று மீண்டும் பல்மானியைக் கையிலெடுத்தார்.

அது பிழையன்று. 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடபகுதியில் மின்சாரம் நின்றுபோயிற்று; எரிபொருளுக்கும் உலர் பற்றரிக்கும் தடை வந்தது. பழைய பற்றரிகளை வெயிலிற் காயவைத்துக் கடைசித் துளி வலுவையும் கறந்தனர் மக்கள். அதுவும் தீர்ந்தபோது துவிச்சக்கர வண்டியின் டைனமோவைக் கண்டனர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, விளக்குக்கென அமைந்த 6 வோல்ற்று டைனமோ வானொலிக்கு உணவளித்தது. டைனமோ தருவது மாறி மாறி ஓடும் மின். அதனை ஒரு திசைப்படுத்த நான்கு டயோட்களைக் கோத்துக்கொண்டனர். பாடசாலைப் பிள்ளைகளும் அந்த வித்தையை அறிந்திருந்தனர். பீ.பீ.சி. தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் அக்காலத்தில் வன்னிக் குடிசைகளுக்குள் வந்தது இவ்வழியாகவே. கசற்றின் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்திற் சீராக ஓடுதல் வேண்டும்; சுழற்றும் கை தளர்ந்தால் நாடாவின் வேகமும் தளரும். அன்னையார் பேசிய அரைமணி நேரமும் மிதியைச் சுழற்றியவர் நாம். குரல் அலைந்த இடங்கள் எம் கை சோர்ந்த இடங்கள். கரகரப்பு, டயரில் டைனமோ உராய்ந்த ஓசை.

“தம்பி, அதைத் திருத்த வேண்டாம்” என்றார் சின்னம்மா. இளைஞர் பல்மானியை வைத்துவிட்டுப் பதிவு முடியும்வரை எம்முடன் இருந்து கேட்டார். டைனமோவில் நான்கு டயோட்களை எவ்வாறு கோத்தீர்கள் என்று மட்டும் வினவினார். தரையிற் கோடிட்டுக் காட்டினோம்.

வாசகர் தம் வாகனங்களிலும் இத்தகைய ஊமைத்தனம் நேருமாயின் உதவக்கூடிய வேறு சிலவற்றையும் கூறிவிடுகின்றோம். சில பெட்டிகளில் ஓக்ஸ் என்னும் தெரிவு அமைப்புப் பட்டியலுக்குள் மறைந்திருக்கும். அதனை இயக்கினாலன்றி அது பொத்தானில் தோன்றாது. தொலைபேசி, அருகிலுள்ள வேறொரு கருவியுடன் கம்பியின்றித் தொடர்புற்றிருந்தால் ஓசை அங்கே போய்விடும். அத்தொடர்பை நிறுத்திப் பார்த்தல் நன்று. நம் செம்மண் புழுதியும் சட்டைப்பையின் பஞ்சும் தொலைபேசியின் துளைக்குள் இறுகிவிட்டால், செருகி முழுதாக உள்ளே இறங்காது. அதனை உலர்ந்த ஈர்க்கினால் மெல்லக் கிளறி எடுக்கலாம். ஊசியோ கம்பியோ இடலாகாது. ஒரு பக்கம் மட்டும் ஒலிக்குமாயின் செருகியைச் சற்றே சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழற்றும்போது ஓசை வந்து வந்து போனால், வயரோ துளையோ தேய்ந்ததென்று கொள்க.

நான்கு துண்டுள்ள செருகியில் மேலதிகமான ஒன்று ஒலிவாங்கிக்கு உரியது. அதிலும் பொதுவழியும் ஒலிவாங்கியும் இடம் மாறிய இருவகை அமைப்புகள் உண்டு. ஆதலால் பாட்டுக்கென வயர் வாங்குவோர் மூன்று துண்டுள்ளதையே கேட்டு வாங்குவது நலம். 2016 ஆம் ஆண்டில் ஐபோன் அத்துளையைக் கைவிட்ட பின்னர் வேறு பல தொலைபேசிகளும் அதனைக் கைவிட்டன. அவற்றுக்கு இடைச்செருகி தேவை. சில தொலைபேசிகளுக்கு வெறும் இடைச்செருகி போதாது, இலக்கங்களை ஓசையாக மாற்றும் சில்லு உள்ளே அமைந்ததே வேண்டும். கடையிலேயே செருகிக் கேட்டு வாங்குக. சார்ஜர் ஏற்றும்போது மட்டும் இரைச்சல் வருமாயின், பொதுவழி இரண்டாகிவிட்டதே காரணம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேட்பது எளிய மருந்து. இவையெல்லாம் பார்த்த பின்னரே பெட்டியைக் கழற்றத் தொடங்க வேண்டும். கழற்றுமுன் பற்றரியின் எதிர்முனையை விலக்குதல் முறை. ஆயின் மின் நீங்கினால் இரகசிய இலக்கம் கேட்கும் பெட்டிகளும் உள. அவ்விலக்கம் கையில் உண்டா என முதலில் அறிந்துகொள்க.

இறுதியாக ஒன்று. வயர் அறுந்தால் புதுவயர் வாங்கலாம். கசற் 1963 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகமானது. நம் வீடுகளில் எஞ்சியிருப்பவற்றுட் பல முப்பது நாற்பது ஆண்டுப் பழைமையுடையன. ஈரமும் வெப்பமும் நாடாவைப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும்; நாடா மேல் பூசிய காந்தத் துகள் உதிர்ந்தால் அதனோடு குரலும் உதிரும்; அதற்குப் பற்றாசு கிடையாது. பெட்டியடியில், மாடத்தில், வெளிநாட்டு உறவினர் வீட்டு அலுமாரியில் அத்தகைய நாடா ஒன்றேனும் இருக்கின்றதா எனத் தேடிப் பாருங்கள். இருந்தால் அதனை இலக்கப் பதிவாக மாற்றி, ஒன்றுக்கு இரண்டு இடங்களிற் சேமித்து வையுங்கள். மாற்றித் தருபவர் குரலின் அலைவையும் இரைச்சலையும் நீக்கித் தருவதாகச் சொன்னால், நீக்கிய பிரதி ஒன்றும் நீக்காத பிரதி ஒன்றுமாக இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.