வாங்கில் ஓர் இடம்

ஜூலை 12, பதுளை

கச்சான் காற்று வீசும் காலம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறும். அந்த வாசம் கொழும்பு ஏலத்துக்குப் போய்க் கடல் கடந்துவிடுகிறது. பதுளைத் தேத்தண்ணிக் கடைகளின் சாயப் பையில் பெரும்பாலும் டஸ்ட் தூள்தான். கொதிநீர் பட்டவுடன் கருஞ்சிவப்பாய்ச் சாயம் இறங்கும். சீனி போட்டு ஆற்றினால் குளிருக்கு இதம். தேயிலையின் தரம் இந்தப் பழைய கடைகளின் கவர்ச்சிக்குக் காரணமாக இருக்க முடியாது. கோப்பிக் கடைகளுக்குப் பேர்போன இத்தாலியும் கோப்பி விளையும் நாடல்லவே. அங்கே தெருமுனைக் கடையில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் கூடுதல் விலை. அதனால் வக்கீலும் கொத்தனாரும் ஒரே பலகையில் முழங்கை ஊன்றி நிற்கிறார்கள். அந்தக் கடைகளை ஊர் விடாமல் வைத்திருப்பது அந்த நெருக்கம்தான் என்று நினைக்கிறேன். பதுளையில் நிலைமை வேறு. நாள் முழுக்க மலைச்சரிவில் நிற்கிறவர்களுக்கு பால் கலக்காத ஒரு பிளேன்டீயின் காசில் கிடைப்பது உட்காரும் இடம்.

ஜூலை 13

அந்த இடத்தின் மதிப்பு தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தால்தான் விளங்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் லயக் காம்பரா எனும் வரிசை வீட்டு அறை, அதன் முன்னே இஸ்தோப்பு எனும் திண்ணை. இரண்டும் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. வெளியாள் உள்ளே வருவதற்குத் தடை இருந்த காலத்தில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில்தான் தோட்டத்துக்குள் போக முடிந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. அப்படிப்பட்டவர்களுக்கு, வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் கண் படாமல் உட்கார ஒரு மர வாங்கு சாதாரணமானதா? ஒரே வீரகேசரி நாளிதழ் பல கை மாறியதும், சங்கப் பேச்சும் சம்பளப் பேச்சும் உரக்க நடந்ததும் இத்தகைய கடைகளில்தான். இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. தோட்டத்து நிறுவையில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோ கழிப்பார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். கடையிலோ கேட்காமலே வடையும் ரோல்ஸும் பணிஸும் நிறைந்த தட்டு மேசைக்கு வரும். எழும்பும்போது “ரெண்டு வடை, ஒரு பணிஸ்” என்று தின்றவரே சொல்வார், முதலாளி அதற்குக் காசு வாங்குவார். பகலெல்லாம் உழைப்பின் கணக்கில் சந்தேகிக்கப்பட்ட ஒருவரின் சொல் இங்கே அப்படியே ஏற்கப்படுகிறது.

ஜூலை 15

இதெல்லாம் பழமை மோகம் என்பார்கள். புகை படிந்த சுவரும் பிசுக்கேறிய மேசையும் யாருக்கு வேண்டும், இளைஞர்கள் பேக்கரிக்கும் கூல் ஸ்பொட்டுக்கும் போகிறார்களே என்று கேட்பார்கள். பிசுக்கை நான் காக்கச் சொல்லவில்லை. அதைத் துடைத்துவிட்டாலும் வாங்கு இருக்கும். அருகிலுள்ள எல்லவில் சுற்றுலாப் பயணிகளுக்கான எஸ்பிரஸோ கடைகள் அழகானவை. 1869இல் இலைநோய் வந்து அழியும்வரை இது கோப்பி விளைந்த மலைநாடுதான், ஆகவே கோப்பி இங்கே அந்நியமும் அல்ல. ஆனால் அந்தக் கடைகளின் விலைப்பட்டியலே கொழுந்து பறிப்பவரை வாசலில் நிறுத்திவிடுகிறது. தேத்தண்ணிக் கடைகள் பலவோ 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் தட்டுப்பாடு வந்தபோதும் வெறும் பிளேன்டீயோடு சமாளித்தன.

என்னால் எளிதில் கடக்க முடியாத மறுப்பு ஒன்றுதான். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாங்கில் இருப்பவர்களோ பெரும்பாலும் ஆண்கள். நிறுவையில் கிலோ இழந்தவள் அவள், சொல்லுக்கு மதிப்புப் பெற்றவன் அவன். மேலே நான் எழுதியதில் பாதியை இந்த உண்மை கரைத்துவிடுகிறது. “குடும்பத்தோடு வந்தால் உள்ளே இடம் உண்டு” என்பது பதிலாகாது. அவளுடைய தேத்தண்ணி இன்னும் போத்தலில் மலைக்குப் போய், செடிகளுக்கு நடுவே அவள் நின்றபடி குடிக்கும்போது ஆறிப்போயிருக்கிறது. பசறைக்குப் போகும் பஸ் வருவதற்குள் அவள் தனியாக வந்து உட்கார்ந்து, தின்றதைத் தானே எண்ணிச் சொல்லிவிட்டு எழும்புவது யாரும் திரும்பிப் பார்க்காத சங்கதியாக வேண்டும். இந்தக் கடைகள் இன்னும் ஐம்பது வருடம் இருக்க வேண்டும் என்று நான் விரும்புவது அதற்காகவும்தான்.