காக்கையோடுதான் போட்டி

ஐந்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து தாயம் உருட்டும் பெரியவர்கள் எல்லோரும் நடிகர்கள்தான். ஜெயித்துவிடக் கூடாது, வேண்டுமென்றே தோற்பதும் வெளியே தெரியக் கூடாது. வெட்டுக்கு நிற்கிற காயைப் பார்க்காததுபோல் விட்டுவிட்டு வேறொன்றை நகர்த்துவோம். "அடடா, கவனிக்கலையே" என்று தலையில் தட்டிக்கொள்வோம். பிள்ளை துள்ளிக் குதிக்கும். கொஞ்ச காலம் இந்த நாடகம் ஓடும். அப்புறம் ஒருநாள் அது நம் முகத்தையே உற்றுப் பார்த்து, "வேணும்னே விட்டுக் குடுக்கறீங்க" என்று சொல்லிவிடும். அதற்குப் பிறகு நாம் நிஜமாகவே தோற்றாலும் நம்பாது.

நடிக்காமல் ஆடினால் வேறு வம்பு. தாயத்தில் வெட்டு இல்லாமல் சுவை இல்லை. ஒரு வெட்டாவது போட்டால்தான் உள்கட்டத்துக்குள் நுழையலாம் என்பது எங்கள் வீட்டு முறை. பழமாகப் போகிற நேரத்தில் வெட்டுப்பட்டுக் காய் வெளியே வந்தால் பெரியவர்களுக்கே முகம் சுருங்கிவிடும். சின்னப் பிள்ளை கட்டங்களைக் காலால் கலைத்துவிட்டுப் போவதில் ஆச்சரியம் இல்லை.

தெருவிளையாட்டில் இதற்கு நம் ஊர் கண்ட வழி ஒப்புக்குச் சப்பாணி. பொடிசையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். பிடிபட்டால் அவுட் இல்லை. யாரையாவது பிடித்தாலும் செல்லாது. அழுகையை நிறுத்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் தன் ஓட்டத்துக்கு மதிப்பே இல்லை என்பது அந்தப் பொடிசுக்குச் சீக்கிரமே விளங்கிவிடும். எனக்கு மேலே வரிசையாக அண்ணன்மார். அந்தப் பதவியை நெடுங்காலம் வகித்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

தங்கை குடும்பம் ஜெர்மனியில் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு மதுரை வந்தபோது மருமக்கள் இருவரும் ஒரு பெட்டியைச் சுமந்து வந்தார்கள். பெயர் 'ஒப்ஸ்ட்கார்டன்', பழத்தோட்டம். அன்னலீஸ் ஃபர்காஷோவ்ஸ்கி என்ற பெண்மணி உருவாக்கியது. பவேரியாவில் பாட் ரோடாக் என்ற சிற்றூரில் இருக்கும் ஹாபா நிறுவனம் 1986-இல் வெளியிட்டது. ஜெர்மனியில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக ஆடிப் பழகிய ஆட்டம்.

பலகையில் ஆப்பிள், பேரி, செர்ரி, பிளம் என நான்கு மரங்கள். மரத்துக்குப் பத்தாக, கட்டையில் கடைந்து வண்ணம் பூசிய நாற்பது பழங்கள். ஆளுக்கொரு குட்டிக் கூடை. பகடையின் நான்கு முகங்களில் நான்கு நிறம். எந்த நிறம் விழுகிறதோ அந்த மரத்தில் ஒரு பழம் பறிக்கலாம். ஐந்தாவது முகத்தில் கூடை. அது விழுந்தால் விரும்பிய பழங்கள் இரண்டு. ஆறாவது முகத்தில் ஓர் அண்டங்காக்கை. அது விழும்போதெல்லாம், ஒன்பது துண்டாக வெட்டிவைத்த காக்கைப் படத்தில் ஒரு துண்டை எடுத்துப் பலகையின் நடுவே பொருத்த வேண்டும். படம் முழுதாகிவிட்டால் தோட்டம் காக்கைக்கு. அதற்குள் நாற்பது பழமும் கூடைக்கு வந்துவிட்டால் எல்லோரும் ஜெயித்தோம். ஆடுபவர்களுக்குள் போட்டி கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி. இரண்டு வயதிலிருந்தே ஆடலாம் என்று 2009-இல் இதற்கு ஒரு சின்னப் பதிப்பும் வந்தது.

நாலு வயது மருமகள் உருட்டிய பச்சைக்கும் நான் உருட்டிய பச்சைக்கும் பறிப்பது ஒரே ஒரு பழம்தான். அவளுக்காக நான் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. காக்கை விழுந்தால் எனக்கும் நிஜமாகவே வயிற்றைக் கலக்குகிறது. பிள்ளையோடு ஆடும்போது முகபாவத்தைக் காவல் காக்காமல் உட்கார்ந்திருப்பது இவ்வளவு சுகமா என்று இருந்தது.

எங்கள் அம்மாவுக்கு மட்டும் இந்த ஆட்டத்தின் நியாயம் பிடிபடவில்லை. பிளம் பழத்தைக் கையில் எடுத்து, "நாவப்பழமாடா?" என்று கேட்டு ஏறக்குறைய சரியாகவே புரிந்துகொண்டார். காக்கை விஷயத்தில்தான் தகராறு. எங்கள் வீட்டில் இன்றும் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுத்தான் பந்தி. "காக்காய்க்கு ஒண்ணுகூட வைக்காம எல்லாத்தையும் நீங்களே சுருட்டிக்கிட்டா எப்படி?" என்றார். "அம்மாச்சி, அது திருடுது" என்றான் ஏழு வயது மருமகன். "பசிச்சா வரத்தான் செய்யும்" என்று முடித்துவிட்டார்.

இதே கேள்வியைக் கிளப்பும் இன்னோர் ஆட்டம் கனடாவில் இருக்கிறது. ஜிம் டீகோவ் என்பவரின் பெண் பிள்ளைகள் பொம்மைகளைப் பங்கிட்டுக்கொள்ளாமல் சண்டை போட்டார்களாம். சேர்ந்து ஆடுகிற விளையாட்டு கடையில் கிடைக்காததால் அவரே செய்தார். 1972-இல் 'ஃபேமிலி பாஸ்டைம்ஸ்' என்ற சிறு நிறுவனம் ஒன்டாரியோ மாகாணத்தில் பெர்த் என்ற ஊருக்கருகே தொடங்கியது இப்படித்தான். அவருடைய ஆட்டங்களில் பேர்பெற்றது 'மேக்ஸ்'. மேக்ஸ் ஒரு பூனை. ஒரு பறவை, ஓர் அணில், ஓர் எலி மூன்றையும் அது பிடிப்பதற்குள் வீடு சேர்க்க வேண்டும். பகடையில் கறுப்பு விழுந்தால் பூனை நகரும். பச்சை விழுந்தால் மூன்றில் ஒன்றை நாம் நகர்த்தலாம். பூனை ரொம்ப நெருங்கிவிட்டால் தின்ன ஏதாவது காட்டி அதைத் திண்ணைக்குத் திரும்ப அழைக்கலாம். அந்தச் சலுகையும் அளவோடுதான். மூன்று பிராணிகளும் யாருக்கும் சொந்தமில்லை என்பதுதான் இதில் நயம். உன் எலி, என் அணில் என்ற பேச்சு எழ வழியே இல்லை. பூனைமேல் கோபப்படவும் முடியாது. அது பூனையாக இருக்கிறது, அவ்வளவுதான். அம்மா கையில் கொடுத்தால் அதற்கும் பால் ஊற்றச் சொல்வார்.

நம் பரமபதமும் இந்தத் திசையில் பாதி தூரம் வந்துவிட்ட ஆட்டம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதில் வெட்டு இல்லை. நம்மைக் கீழே தள்ளுவது பாம்பு. பக்கத்தில் இருக்கும் ஆள் இல்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும்போது யாரும் யாரோடும் பெரிதாகச் சண்டை போடாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒருவர் மேலே போனதும் மற்றவர் பாம்பின் வாலடியில் கிடப்பார். முன்னவர் பின்னவருக்குக் கை கொடுக்க விதியில் இடமில்லை.

சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டி என்பதே முதலில் பிடிபடுவதில்லை என்று குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே எழுதியிருக்கிறார். சுவிட்சர்லாந்துச் சிறுவர்கள் கோலி ஆடுவதைக் கவனித்து அவர் எழுதிய நூல் 1932-இல் வந்தது. பொடிசுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் போக்கில் ஆடுவார்கள். எல்லோருமே ஜெயித்ததாகச் சொல்வார்கள். ஏழெட்டு வயது வாக்கில்தான் ஒரே விதி, ஒரே வெற்றி என்ற எண்ணம் உறைக்கத் தொடங்கும். இது தெரிந்தும் மூன்று வயதில் மியூசிக்கல் சேர் வைத்து, முதலில் வெளியேறியவனை ஓரமாக நிறுத்துகிறோம். ஆடிப் பழக வேண்டியவன் அவன்தான். அதிக நேரம் சும்மா நிற்பவனும் அவனே. கனடாவின் விளையாட்டு உளவியலாளர் டெர்ரி ஓர்லிக், கூட்டுறவு விளையாட்டுகளைத் தொகுத்து 1978-இல் வெளியிட்ட நூலில் இதற்கு மாற்று சொன்னார்: நாற்காலியை மட்டும் எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். கடைசியில் ஒரே நாற்காலியில் அத்தனை பேரும் ஒருவர் மடியில் ஒருவராக ஏறிக்கொள்ள வேண்டும். நம் பள்ளி ஆண்டுவிழாக்களில் இதை ஆடிப் பார்க்கலாம். பரிசுக் கிண்ணம் யாருக்கு என்று தலைமையாசிரியர் குழம்புவார், பரவாயில்லை.

ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் பாலர் பள்ளிகளில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 70 பேரைக் கவனித்து 1994-இல் ஒரு கட்டுரை வந்தது. சேர்ந்து ஆடும் விளையாட்டுகளின்போதும், தொடர்ந்த சுதந்திர விளையாட்டு நேரத்திலும் அடிதடி குறைந்தது. போட்டி விளையாட்டுகளுக்குப் பின் கூடியது. அது சொல்வது இவ்வளவே. பழத்தோட்டம் ஆடிய பிள்ளை வளர்ந்து சாந்தசொரூபி ஆகிவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நான் வாங்க மாட்டேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பழத்தோட்டத்தில் யோசனைக்கு இடம் கூடை விழும்போது மட்டும்தான். எந்த மரத்தில் கை வைப்பது? மருமகளுக்கு எப்போதும் செர்ரி. அந்த மரம் மொட்டையாவதைப் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம். கணக்கு நேரெதிராகப் போகிறது. ஒரு மரம் காலியானால் பகடையில் அந்த நிறமே வீண். மூன்று மரங்கள் காலியாகி ஒன்றில் மட்டும் பழம் தொங்கினால், ஆறு முகங்களில் அந்த நிறமும் கூடையும் மட்டுமே உதவும். மூன்று முகங்கள் தண்டம். காக்கையோ முதலில் வந்ததுபோலவே ஆறில் ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும். ஆகவே கூடை விழுந்தால் பழம் அதிகமாக இருக்கும் மரங்களில் பறிப்பதுதான் புத்திசாலித்தனம்.

இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. சொன்னால் ஒருவேளை ஜெயிப்போம். ஆனால் அப்போது ஆடுவது நான், அவள் பழத்தை எடுத்துக் கூடையில் போடும் வேலையாள். எதிரியே இல்லாத ஆட்டத்திலும் பிள்ளையை மறுபடி ஒப்புக்குச் சப்பாணி ஆக்க இந்த ஒரு வழி போதும்.

பெரியவர்கள் ஆடும் கூட்டு ஆட்டங்களில் இது ஊரறிந்த வியாதி. மேட் லீகாக் உருவாக்கி 2008-இல் வந்த 'பேண்டமிக்' ஆட்டத்தில் எல்லோரும் சேர்ந்து உலகத்தை நான்கு நோய்களிலிருந்து காப்பாற்ற வேண்டும். நாலு பேரில் விவரம் தெரிந்த ஒருவர் எல்லோருடைய முறைக்கும் அவரே முடிவெடுத்துவிடுவார். மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். அவருக்கு 'ஆல்ஃபா பிளேயர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கல்யாண வீடுகளில் இவருக்குப் பெயர் வைக்கத் தேவையே இல்லை, எல்லோருக்கும் தெரியும். இவரை அடக்க ஆட்டம் அமைப்பவர்கள் தந்திரங்கள் செய்கிறார்கள். ஆந்துவான் போசாவின் 'ஹனாபி'யில் நம் சீட்டை நாம் பார்க்க முடியாது; முதுகுப்புறம் நமக்கும் முகம் மற்றவர்களுக்குமாகப் பிடிக்க வேண்டும், துப்பும் அளந்துதான் கொடுக்கலாம். 2013-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது அதற்குக் கிடைத்தது. 'தி மைண்ட்' ஆட்டத்தில் வாயே திறக்கக் கூடாது.

குழந்தைகளின் ஆட்டத்தில் இந்த வேலி எதுவும் இல்லை. ஆந்தைக் குஞ்சுகளைச் சூரியன் உதிப்பதற்குள் கூட்டில் சேர்க்கும் 'ஹூட் ஆவ்ல் ஹூட்' ஆட்டத்தில் எல்லோருடைய சீட்டும் முகம் தெரியத் திறந்தே கிடக்கும். பேசி ஆட வேண்டும் என்பதே நோக்கம். அங்கே வேலி போட வேண்டியது பெரியவரின் வாய்க்கு. நான் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட வழக்கம், கேட்டால் மட்டும் சொல்வது. அதையும் கேள்வியாகச் சொல்வது. "எந்த மரத்துல நெறைய இருக்கு?" என்பது அதிகபட்சம். மருமகள் எண்ணிப் பார்த்து, "பிளம்ல" என்று சரியாகச் சொல்லி, இரண்டு செர்ரி எடுத்தாள். அந்த ஆட்டத்தில் தோற்றோம். காக்கைக்கு ஏதோ கிடைத்ததே என்று அம்மாவுக்குத் திருப்தி.

போட்டி கெட்டது என்று நான் நினைக்கவில்லை. கேரம் பலகையை ஓரங்கட்டும் உத்தேசமும் இல்லை. மருமகனுக்கே பழத்தோட்டம் கொஞ்சம் சலித்துவிட்டது. ஒரு மத்தியானம், "இன்னிக்கு நான் காக்கா, நீங்க எல்லாம் ஒரு சைடு" என்று கட்சி மாறி, ஒவ்வொரு துண்டையும் கா கா என்று கத்திக்கொண்டே பொருத்தினான். ஏழு வயது வேலை செய்கிறது. அவனுக்கு ஆடுபுலி சொல்லிக்கொடுக்க வேளை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியும் போய்விட்டது. இங்கே இறக்குமதி விலைக்கு அதை வாங்க மனம் வரவில்லை. தேவையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு சார்ட் பேப்பரில் நான்கு மரம் வரைந்தோம்: மா, கொய்யா, நாவல், நெல்லி. பழத்துக்குப் புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி போல நாலு தினுசு தேடி, வாயில் போடும் வயதில் ஒரு பிள்ளை இருப்பது நினைவுக்கு வந்து, குன்றிமணி விஷம் என்பதால் அதை விலக்கிப் பெரிய பொத்தான்கள் வைத்தோம். பகடைக்கு ஒரு மரக்கட்டையில் வண்ணக் காகிதம். காக்கைக்கு அம்மா தடை போட்டுவிட்டதால் எதிரி குரங்கு. அது தோட்டத்துக்கு வர ஏழு படி.

ஏழு படியில் குரங்கு பெரும்பாலும் தோற்றது. பிள்ளைகள் கொஞ்ச நாள் கொண்டாடினார்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண் படிகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்து, "மாமா, ஒரு படியைக் குறைச்சுடலாமா? சும்மா சும்மா நாமளே ஜெயிக்கிறோம்" என்றாள். மற்றவர்கள் ஓட்டெடுப்பு நடத்தி ஒத்துக்கொண்டார்கள். குறைத்தோம். அம்மா அதற்கும் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: குரங்கு தோற்றாலும் அதற்கு ஒரு கொய்யா. அந்த விதியை எழுத ஓரத்தில் இடமில்லாததால் பேப்பரின் பின்பக்கம் எழுதியிருக்கிறார்கள்.