காமிராவுக்கு ஒரு கவசம்

காமிரா வாங்குவதற்கு நாம் ஒரு வருஷம் யோசித்தோம். பள்ளிக்கூட வாத்தியாருடைய சம்பளத்தில் அதற்குக் குறைவாக யோசிப்பது சாத்தியமல்ல. ஆனால் அந்தக் காமிராவின் முதுகிலுள்ள திரைக்கு ஒரு காப்பு வாங்கும்போது நாம் அரை நிமிஷங்கூட யோசிக்கவில்லை. அந்த அரை நிமிஷத்தை மிச்சப்படுத்தியதால் வந்த நஷ்டத்தைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பிலிம் சுருள் போட்ட பழைய காமிராக்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. படம் எப்படி வந்தது என்பது கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும். 1975-ஆம் வருஷம் கொடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸன் என்ற இளம் எஞ்சினீயர் முதல் டிஜிட்டல் காமிராவை அமைத்தபோதுகூட, எடுத்த படத்தைப் பார்க்க ஒரு டெலிவிஷன் பெட்டி வேண்டியிருந்தது. 1995-ல் கடைக்கு வந்த காசியோ கியூவி-10 என்ற காமிராவின் முதுகில் 1.8 அங்குலத் திரை ஒன்று இருந்தது. அதுமுதல் படம் எடுப்பவர்களுக்கு ஒரு புதிய வழக்கம் உண்டாயிற்று. எடுத்த மறுகணமே திரையைப் பார்த்து, "நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நன்றாயில்லை என்றால் அழித்தும் விடுகிறோம். ஆகவே அந்தத் திரை வெறும் அலங்காரமல்ல. நீதிபதியின் மூக்குக் கண்ணாடி என்றே சொல்லலாம்.

நாம் முதலில் வாங்கிய காப்பு, சிங்காரத்தோப்பில் ஒரு கடையில் கைப்பேசிக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் தாள். "எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், சார்! கத்தரித்துக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். கத்தரித்துக்கொண்டோம். மறுநாள் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில், சுழலும் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, சாக்பீஸ் தூள் படிந்த விரல்களாலேயே அதை ஒட்டினோம். நேயர்கள் மேலே நடந்ததை ஊகித்துக்கொள்ளலாம். திரையின் நடுவில் கடுகளவாக ஏழெட்டுக் குமிழிகள். ஒவ்வொரு குமிழியின் நடுவிலும் ஒரு வெள்ளைத் துணுக்கு. "இருந்தால் என்ன? கீறல் விழாமல் காத்தால் போதும்" என்று சமாதானம் செய்துகொண்டோம்.

நம்மை வளர்த்தவர் நம் அத்தை. பொன்மலை ரெயில்வே தொழிற்சாலையின் சங்கு ஊதுவதற்குள் நம் தகப்பனாருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தே முப்பது வருஷத்தைக் கழித்தவர். போட்டோ என்றால் அவருக்கு ஆகாது. காமிராவைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்ல நிற்பவர்போல் நின்றுவிடுவார்.

மார்கழியில் ஒருநாள் அவரை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனோம். அம்மா மண்டபத்தில் காவேரியைப் பார்த்துவிட்டு, 1987-ல் பூர்த்தியான பதின்மூன்று நிலை ராஜகோபுரத்தின் முன்னால் வந்து நின்றோம். அத்தை அண்ணாந்து பார்த்தார். "இது மொட்டையாக நின்ற காலத்திலிருந்து பார்க்கிறேனடா!" என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் கணத்தில் நாம் பித்தானை அழுத்திவிட்டோம்.

உடனே திரையைப் பார்த்தோம். நடுப்பகல் வெயில். அத்தையின் முகம் விழுந்த இடத்திலேயே குமிழிகளும் இருந்தன. முகம் மங்கலாய், பனி படர்ந்ததுபோல் தெரிந்தது. "படம் அசைந்துவிட்டது, அத்தை! இன்னொன்று எடுக்கலாம்" என்று சொல்லி, அதை அழித்துவிட்டோம். அத்தை மறுபடி நின்றார், சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல.

வீட்டுக்கு வந்து மற்றப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. திரையில் மங்கலாகத் தெரிந்த படங்களெல்லாம் துல்லியமாக இருந்தன. குற்றம் படத்தில் இல்லை. நாம் ஒட்டிய தாளில் இருந்தது. அழித்த படத்தை மீட்க வழி உண்டென்று பிறகு அறிந்தோம். அழிக்கும்போது படத்தின் பதிவு மட்டுமே அட்டையிலிருந்து நீங்குகிறதாம். அதன்மேல் வேறு படம் எழுதப்படாதவரையில் தேடி எடுத்துவிடலாமாம். ஆனால் நாமோ அன்று மாலைக்குள் கோபுரம், யானை, கடைவீதி என்று அட்டையை நிரப்பிவிட்டிருந்தோம். மாசி மாதத்தில் அத்தை காலமானார்.

சில வாரங்கள் காமிராவைத் தொடவே மனமில்லை. தொட்டபோது முதல் காரியமாக அந்தத் தாளை உரித்தெறிந்தோம். இந்தத் தடவை யோசித்து வாங்குவது என்று தீர்மானித்து விசாரித்ததில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறோம்.

திரைக்குக் காப்பு அவசியமா என்பதே முதற் கேள்வி. உட்புறமாக மடித்து மூடக்கூடிய திரையானால், மூடி வைக்கும் வழக்கமே பாதி காப்பு. மடியாத திரையானால், கழுத்தில் தொங்கும்போது சட்டைப் பித்தானும் பையிலுள்ள மணலும் அதைச் சும்மா விடமாட்டா. சில பழைய நிக்கான் காமிராக்களோடு கம்பெனியாரே ஒரு பிளாஸ்டிக் மூடியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கீறல் விழுந்தால் அதைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது அளவு. 3 அங்குலத் திரை என்றால் மூலைக்கு மூலை 3 அங்குலம் என்று அர்த்தம். ஆனால் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதமுள்ள திரை சுமார் 2.5 அங்குல நீளமும் 1.66 அங்குல அகலமும் இருக்கும். நான்குக்கு மூன்று என்ற விகிதமானால் 2.4-ம் 1.8-ம். இரண்டும் 3 அங்குலந்தான்; ஒன்றின் காப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகையால் அங்குலத்தைச் சொல்லிக் கேட்காமல், காமிராவின் பெயரையும் எண்ணையும் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும்.

மூன்றாவது, தாளா கண்ணாடியா என்பது. பிளாஸ்டிக் தாள் மெல்லியது, மலிவு, சீக்கிரம் கீறும். கடைக்காரர்கள் 'டெம்பர்டு கிளாஸ்' என்று சொல்லும் பதப்படுத்திய கண்ணாடி சுமார் 0.3 மில்லிமீட்டர் கனமிருக்கும். கண்ணாடியைக் காய்ச்சிய பொட்டாசியம் உப்பில் ஊறவைத்தால், மேற்பரப்பிலுள்ள சோடிய அணுக்கள் வெளியேறி, அவற்றினும் பெரிய பொட்டாசிய அணுக்கள் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காருகின்றன. அந்த நெருக்கமே அதன் பலம். மடிக்கும் திரையானால் இந்தக் கனத்தோடு மூடுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அட்டைப் பெட்டியில் '9 எச்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். 1812-ல் மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்த தாதுக்களின் கடினத் தராசில் வைரத்துக்குப் பத்து. நாமும் ஒன்பது என்றால் வைரத்துக்கு அடுத்தபடி என்றே நினைத்தோம். ஆனால் இந்த 'எச்' பென்சிலின் எச். 9 எச் பென்சிலால் கீறினால் கீறல் விழாது என்பதே அதன் பொருள். மோஸ் தராசில் கண்ணாடிக்கு ஐந்தரை, ஆறுதான். ஆற்று மணலிலுள்ள குவார்ட்ஸுக்கு ஏழு. காவேரி மணலுக்கு முன்னால் எந்தக் கண்ணாடியும் தோற்றுப்போகும். ஆனால் அது நூறு ரூபாய்க் கண்ணாடியாயிருந்தால் நமக்குச் சம்மதமே.

வாங்கிவந்த கண்ணாடியை ஒட்டுவதற்கு நமக்குத் தைரியம் வரவில்லை. நம் தகப்பனார் 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறிவந்த தொழிற்சாலையில் பிட்டராயிருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரி மலை ரெயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்த தொழிற்சாலை அது. விஷயத்தைச் சொன்னோம். ஒன்றும் பேசாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

மின்விசிறியை நிறுத்தினார். வெந்நீரில் குளித்து முடித்த குளியலறைக்குள் காமிராவை எடுத்துச் சென்றார். "ஆவியிலே தூசி கீழே இறங்கிவிடும்" என்றார். கண் வைத்துப் பார்க்கும் இடத்திலுள்ள ரப்பரைக் கழற்றினார். திரவத்தைத் திரையில் விடாமல் துணியில் நனைத்துத் துடைத்தார். பிறகு உலர்ந்த துணி. திரையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, மிஞ்சிய துணுக்கை ஒட்டுத் தாளால் ஒற்றியெடுத்தார். கண்ணாடியின் அடித்தாளை உரிக்காமலேயே மூன்று தடவை வைத்து வைத்துப் பார்த்தார். நமக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒட்டிவிடலாமே, அப்பா!"

"ஒரு விளிம்பை முதலில் நிச்சயம் பண்ணிக்கொள்ளவேண்டும். அது கோணினால் எல்லாம் கோணல்."

கீழ் விளிம்பைப் பொருத்திக் கண்ணாடியை விட்டார். அது தானாகவே படிந்துகொண்டு போயிற்று. நாம் கட்டைவிரலால் அழுத்தப் போனோம். "அழுத்தாதே! சரியாக உட்காருகிற சாமான் தானே உட்காரும்" என்றார். இரண்டு சிறு காற்றுக் குமிழிகளைத் துணியால் ஓரத்துக்குத் தள்ளினார். மூன்றாவது நகரவில்லை, உள்ளே தூசி. ஒட்டுத் தாளால் மூலையைத் தூக்கி, அதை எடுத்துவிட்டு மறுபடி படியவிட்டார். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றில் நாலு பங்கு வெளிச்சம் திரும்பிவிடுகிறது. நடுவே காற்று நின்றால் அத்தகைய பரப்புகள் கூடிப் படம் வெளிறிப் போகும். நம் குமிழிகள் செய்த துரோகம் இதுதான்.

பள்ளிக்கூடத்திலும் இது நமக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பையனைக் காக்கிறோம் என்று நாம் போடும் கட்டுப்பாடு சில சமயம் அவனுடைய முகத்தையே நமக்கு மறைத்துவிடுகிறது. மங்கல் அவனிடம் இருப்பதாகத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். இப்போது நாம் எந்தப் படத்தையும் வெளியிலே அழிப்பதில்லை. வீட்டுக்கு வந்து, பெரிய திரையில் பார்த்த பிறகே தீர்ப்பு.

வேலை முடிந்ததும் தகப்பனார் காமிராவைத் திருப்பித் தரவில்லை. "அக்கா படம் இருக்கிறதா?" என்று கேட்டார். ஸ்ரீரங்கத்துப் படத்தை எடுத்துக் காட்டினோம். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்ற படம். வெகுநேரம் பார்த்தார்.

"சிரித்த படம் ஒன்று இருந்தது, அப்பா. நாம்தான் அழித்துவிட்டோம்" என்று அன்றுதான் சொன்னோம்.

அவர் வேட்டி நுனியால் திரையை ஒருமுறை துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"கோபுரத்தைப் பார்த்தா சிரித்தாள்?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"சிரித்திருப்பாள்" என்று சொல்லிவிட்டு, காமிராவை நம் கையில் கொடுத்தார்.