நாலு மில்லிமீட்டர்

கரியாலூரில் குடியிருப்பவருக்கு கிட்டார் வாங்குவது சின்ன வேலை இல்லை. மலையிறங்கி கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து சேலமோ சென்னையோ போக வேண்டும். என்ன வேண்டும் என்பது இறங்கும் முன்பே மனதில் தெளிவாக இருப்பது நல்லது. எனக்கு வேண்டியிருந்தது கிராஸ்ஓவர் வகை நைலான் கிட்டார்.

சினிமாப் பாட்டு வாசித்து ஸ்டீல் கம்பியில் பழகிய கைக்கு கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து பலகையைப் பிடித்ததுபோல் இருக்கும். நட் பக்கம் 52 மில்லிமீட்டர் அகலம். ஸ்டீல் கம்பி கிட்டாரில் சுமார் 43தான். யமஹாவின் என்டிஎக்ஸ், கார்டோபாவின் ஃபியூஷன் போன்ற கிராஸ்ஓவர்களில் 48. குறைந்திருப்பது நாலு மில்லிமீட்டர். பார் கார்டு பிடித்துப் பாருங்கள், மணிக்கட்டு அதை உடனே உணரும்.

கடையில் எல்லோரும் கார்டு அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டுகிறார்கள். நான் மோகனத்தில் நாலு சங்கதி வாசித்துப் பார்ப்பேன். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்டீலில் சுருதி சட்டென்று ஏறும். நைலான் அவ்வளவு ஏறாது. கமகத்தை ஃபிரெட்டுக்கு ஃபிரெட் விரலை வழுக்கித்தான் எடுக்க வேண்டும். அந்த வழுக்கலில் விரல் எங்காவது தட்டினால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் கிட்டார் வேண்டாம்.

மார்கழியில் இங்கே பனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், கோடையில் காற்று காய்ந்துவிடும். மேற்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக இருந்தால் நாதம் அருமையாக இருக்கும், ஆனால் ஈரத்தில் ஊதும், வறட்சியில் வெடிக்கும். அப்படி இருந்தும் முழு மரத்தையே சொல்வேன், கெட்டியான பெட்டியோடு. பக்கங்களுக்கு ஈட்டி மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். உலகமெங்கும் கிட்டார் செய்கிறவர்கள் தேடும் நம் தென்னாட்டு மரம் அது. 2017 முதல் அதன் சர்வதேச வணிகத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. மரத்தின் நரம்பறிந்த அந்தக் கைகள் ஒருநாள் கிட்டாரும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

கிளம்பும்போது நைலான் கம்பி இரண்டு செட் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். புதுக்கம்பி சில நாள் இளகிக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. பொறுத்துத் திருகிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கம்பி அறுந்த அவசரத்தில் ஸ்டீல் செட் மட்டும் மாட்டிவிடாதீர்கள். நைலான் ஆறு கம்பியும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. ஸ்டீல் 70 கிலோவை ஒட்டி இழுக்கும், பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.